உடைத்தவருக்கு ஐம்பது ரூபாய்

இந்த நாட்டில் ஒரு நாயின் தாடையை இரும்புக் குழாயால் அடித்து உடைத்தவருக்கு, மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 50 ரூபாயைத் தாண்டக் கூடாது. முதல் தடவை என்றால் அவ்வளவுதான். மூன்று ஆண்டுக்குள் மறுபடி அதே குற்றத்தில் சிக்கினால்தான் 25 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்ற பேச்சே எழும். அதே தாடையைச் சேர்த்துக் கட்டி, நொறுங்கிய பற்களை அகற்றி, அந்த ஜீவனை மறுபடி சோறு தின்ன வைப்பதற்கு என் கையில் கொடுத்திருக்கும் எஸ்டிமேட் 30,000 ரூபாயைத் தாண்டுகிறது. உடைத்தவருக்கு 50. சேர்த்துக் கட்ட வந்தவளுக்கு 30,000. இது எந்த ஊர் நியாயம்? வயிறு எரிந்து கேட்கிறேன்.

அந்த நாயின் பெயர் செவலை. புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துப் பக்கம் ஒரு தெருவில், கரையேற்றி வைத்த படகுகளுக்கும் வீடுகளுக்கும் நடுவில் வளர்ந்தவள். கருத்தடை ஆனவள், வெறிநோய்த் தடுப்பூசி போட்டவள், அதற்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டு வாங்கியவள். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து நகர்ந்து படுப்பாளே தவிர உறுமக்கூட மாட்டாள். அவள் செய்த குற்றம், உச்சி வெயிலுக்கு ஒதுங்கி ஒரு புதுக் காரின் அடியில் படுத்தது. காருக்குச் சொந்தக்காரர் கையில் குழாய் இருந்தது. தெருவில் பார்த்தவர்களும் இருந்தார்கள். "ஒரு அடி இல்லம்மா, அது விழுந்த பிறகும் அடிச்சாரு" என்று என்னிடம் தனியாக வந்து சொன்னவர்களே, "ஸ்டேஷன்ல வந்து இதைச் சொல்றீங்களா?" என்று கேட்டதும், "எதுக்குமா வம்பு, தினம் முகத்துல முழிக்கிற மனுஷன்" என்று உள்ளே போய்விட்டார்கள்.

கீழ்த்தாடை முன்பக்கம் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் தன்போக்கில் ஆடியது. கோரைப்பல் பாதியில் முறிந்து, முறிந்த இடத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நரம்பும் ரத்தக்குழாயும் காற்றுக்கும் எச்சிலுக்கும் திறந்து கிடக்கும் இடம் அது. மேல் தாடையில் இறைச்சியை நறுக்கித் தின்ன உதவும் பெரிய பல் நெடுகிலும் வெடித்திருந்தது. நாய்க்கு அந்தப் பல்லில் மூன்று வேர்கள். வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே புடைக்கும். செவலைக்கும் புடைத்தது, பார்த்தவர்கள் கண்ணில் ஏதோ கட்டி என்றார்கள். பிறகு ஈ மொய்த்து வாய்ப்புண்ணில் புழு வைத்தது. அந்தப் புழுக்களை எடுத்தபோது அவள் என் கையைக் கடிக்கவில்லை. கடிப்பதற்கு அவளுக்கு வாயே இல்லை.

"நாய்க்கு என்னம்மா பல்வலி, தெருவில் கிடக்கிறது தானா சரியாகிடும்" என்கிறீர்களே, தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் அவள் நிற்பதை ஒரு தடவை வந்து பாருங்கள். நாக்கை நீட்டுவாள், பின்வாங்குவாள், மறுபடி நீட்டுவாள். தாகத்துக்கும் வலிக்கும் நடுவில் நின்று நடுங்குவாள். நாய்கள் பெரும்பாலும் வலியைக் கத்திக் காட்டுவதில்லை. அடக்கிக்கொண்டு ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். கத்தாததால் வலிக்கவில்லை என்று முடிவு கட்டுவது நம் வசதிக்காக நாம் சொல்லிக்கொள்ளும் பொய். மனிதருக்கு 32 பல், நாய்க்கு 42. ஒவ்வொன்றின் வேரிலும் நமக்கு இருப்பது போலவே நரம்பு இருக்கிறது.

காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று சொல்ல வரவில்லை, எங்கே போயிருந்தாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருந்திருக்கும்: "யாரோட நாய்?" தெருவில் வளர்ந்தது என்றேன். "அப்ப ஓனர் இல்ல. ஓனர் இல்லாம யாருக்கு நஷ்டம்னு எழுதறது?" 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவைச் சொன்னேன். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது. அந்தப் பிரிவு சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் வருகிறதாம். செவலை யாருடைய சொத்தும் இல்லையாம். மிருகவதைச் சட்டத்தின் கீழாவது எழுதுங்கள் என்றேன். அடித்த குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் போலீஸ் தானாக வழக்கெடுக்க முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வாருங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்த மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு ரசீதுகூட வரவில்லை.

சரி, சிகிச்சைச் செலவுக்காவது சட்டத்தில் வழி இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. அதே மிருகவதைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, வதைபட்ட விலங்குகளுக்காக அரசு மருத்துவ விடுதிகளை ஏற்படுத்தலாம் என்கிறது. கொண்டு போகும் செலவு, தீனிச் செலவு, வைத்தியச் செலவு எல்லாவற்றையும் யார் தர வேண்டும்? விலங்கின் உரிமையாளர். வண்டி மாட்டை அடிக்கும் வண்டிக்காரரையும் குதிரையைப் பட்டினி போடும் குதிரைக்காரரையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. அடித்தவர் வேறு, அடிபட்டது யாருக்கும் சொந்தமில்லாத உயிர் என்றால் செலவு யார் தலையில் என்று அதில் ஒரு வரி இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் வந்து விழுகிறோம். குற்றவாளியைத் தண்டிக்கக் கேட்டால் செவலை யாருடையவளும் அல்ல. மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டும்போது மட்டும் அவள் என்னுடையவள்.

எங்கள் ஊரில் மனிதர்களுக்குப் பல் வைத்தியத்துக்குக் குறைவே இல்லை. கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன, தெருவுக்குத் தெரு பல் டாக்டர் போர்டு தொங்குகிறது. குரும்பாபேட்டில் 1994-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்கு உண்டு. ஏழைகளின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் அப்படி ஒரு இடம் இருப்பது இந்தச் சின்ன யூனியன் பிரதேசத்தின் பாக்கியம். ஆனால் நம் நாட்டுக் கால்நடைப் படிப்பில் பல் என்பது அறுவைச் சிகிச்சைப் பாடத்துக்குள் ஒரு பகுதிதான். உடைந்த தாடையைக் கம்பியால் கட்டவும், வேரை விட்டுவிடாமல் பல்லை எடுக்கவும், பல்லுக்கென்று உள்ள எக்ஸ்ரே கருவியோடு வேலை செய்யவும் கைதேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டும். அடிபட்ட நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டருக்கு வண்டி வாடகை, திரும்பி வரவும் வாடகை. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்திக் கொடுக்கும் மயக்கம், கம்பி, தையல், ஆன்டிபயாடிக் ஊசி, வலிக்கு மருந்து, உள்நோயாளியாக வைத்திருக்கும் வாடகை. மருத்துவர் யாரும் என்னைக் கொள்ளையடிக்கவில்லை. உடைந்த ஒன்றைச் சரிசெய்ய உண்மையிலேயே அவ்வளவு ஆகும். உடைக்க மட்டும்தான் ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு நடுவில் ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் தெரிந்தது. தெருநாய்களை இந்தக் கடற்கரை முழுக்க அரிக்கும் நோய் அது; ரத்தத்தில் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாமல் போய்விடும் என்று டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஆரம்பித்தார்கள். தாடை மேலும் விலகாமல் இருக்க வாயைச் சுற்றிப் பட்டை கட்டி, நாக்கு மட்டும் வெளியே வரும்படி இடம் விட்டார்கள். கோழிச் சாறில் கரைத்த சோற்றை சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தோரமாக ஊட்டினேன். தட்டணு ஏறியது. பணம் ஏறவில்லை. சீழ் எலும்புக்குள் போனால் தாடையையே வெட்டி எடுக்க வேண்டிவரும், ரத்தத்தில் கலந்தால் அதற்கும் அவசியம் இருக்காது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், வெட்கத்தை விட்டு ஊரிடம் கையேந்தினேன்.

கையேந்தியவளுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? விசாரணை. நான் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கெழுதிப் பிழைப்பவள். வந்த ஒவ்வொரு ரூபாயையும் தேதி போட்டு எழுதி, மருந்துக்கடை பில் முதல் லேப் ரசீது வரை படமெடுத்துப் போட்டேன். "இதுல உங்களுக்கு எத்தன பர்சென்ட்?" என்று கேட்டார்கள். "போன மாசமும் இதே நாய் போட்டோவ வேற எங்கயோ பார்த்தேனே" என்றார்கள். "நகையை அடகு வெச்சிட்டுச் செய்ய வேண்டியதுதானே, எதுக்கு ஊரைக் கேட்கிற?" என்றார்கள். அடகு வைக்கக்கூடியதை எல்லாம் வைத்த பிறகுதான் கேட்டேன் என்பதை யாரிடம் சொல்வது? நூறு ரூபாய் கொடுத்த ஒருவர் மறுநாள் போன் செய்து, டாக்டரின் நம்பரைக் கேட்டு, அவரிடமும் பேசிச் சரிபார்த்தார். நான் கோபப்படவில்லை, கொடுத்தேன். ஆனால் அன்று இரவு ஒன்று மட்டும் நெஞ்சை அறுத்தது. குழாயை எடுத்தவரிடம் இந்தத் தெருவில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கார் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அவருக்கு வணக்கம் வைப்பவர்கள்தான் எனக்குத் தணிக்கை நடத்துகிறார்கள்.

விலங்குகளின் படங்களைத் திருடி, பொய்க்கதை எழுதி, க்யூஆர் கோடு ஒட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. பழைய புண் படத்தைப் புதுப் படம் போலப் போட்டு வசூலித்துவிட்டு மறைந்துபோகிறவர்களால்தான் உண்மையில் சாகக் கிடக்கும் நாய்க்கு ஊர் கை சுருங்குகிறது. செவலையின் வாயை உடைத்தவர் ஒருவர். அவள் வாய்க்குப் போக வேண்டிய சோற்றைப் பறித்தவர்கள் அவர்கள். ஆகவே கணக்குக் கேளுங்கள், ஆயிரம் தடவை கேளுங்கள். மருத்துவமனையின் பெயருக்கே நேராகப் பணம் அனுப்புங்கள், அதுதான் எனக்கும் நிம்மதி. ஆனால் கணக்கைக் கேட்டு வாங்கி, சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகும் "ம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறீர்களே, அப்போது உங்களுக்கு வேண்டியது கணக்கு இல்லை, கொடுக்காமல் இருக்க ஒரு காரணம்.

"மனுஷனுக்கே வழியக் காணோம், நாய்க்குப் பல் ஆபரேஷனா?" இதைச் சொல்லாத வாய் இல்லை. ஐயா, மனிதருக்கு வழி வேண்டும் என்று நீங்கள் கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள்? உண்மையிலேயே மனிதருக்குக் கொடுக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு முதலில் பணம் கொடுத்தது மீன் கூடை சுமக்கும் ஒரு அக்கா. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாய்த் தாள்களை என் கையில் திணித்து, "வெச்சுக்க கண்ணு, வாயில்லா ஜீவனுக்கு வாய உடைச்சா அது எங்க போய் சொல்லும்" என்றாள். ஆட்டோக்கார அண்ணன் மருத்துவமனைக்கு வந்து போன வாடகையை வாங்க மறுத்தார். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வேளை டீக்காசைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இவர்களுக்கெல்லாம் மனிதக் கஷ்டம் தெரியாதா? தெரிந்ததால்தான் கொடுத்தார்கள்.

"ஊசி போட்டு முடிச்சிடுங்களேன், அதுவும் ஒரு கருணைதானே" என்றவர்களும் உண்டு. குணப்படுத்தவே முடியாத நோய், பிழைக்கவே முடியாத காயம் என்று கால்நடை மருத்துவர் உறுதி செய்தால் மட்டுமே அதற்கு விதிகள் இடம் தருகின்றன. செவலைக்கு இருப்பது குணமாகக்கூடிய காயம். பல் போனாலும் கட்டிய தாடையோடு அவள் சோறு தின்பாள், பல ஆண்டு வாழ்வாள். குறைவது உயிர் இல்லை, பணம். பணம் இல்லாததற்காக ஒரு உயிரை முடிப்பதற்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள்.

நாய்க்கடிக்குப் பயப்படுகிறவர்களின் மேல் எனக்கு வருத்தமில்லை. வெறிநோய் வந்தால் பிழைப்பது அனேகமாக இல்லை. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் நான் என்ன பேச முடியும்? அதனால்தான் செவலைக்கு ஊசி போட்டோம், கருத்தடை செய்தோம். ஆனால் 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் தெருநாய் வழக்கு நடந்த நாட்களிலிருந்து, நாயின் பக்கம் நிற்பவர்களைப் பொது எதிரி போலப் பார்க்கும் கண்கள் கூடிவிட்டன. ஆகஸ்ட் 11-ஆம் தேதி தில்லிப் பகுதி நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவு தெருவில் இருப்பவர் காதில் விழுந்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயும் ஆக்ரோஷமும் இல்லாத நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது பலர் காதில் விழவே இல்லை. அந்த வழக்கில் நாய்களுக்காகப் பேச வந்த தனிமனிதர்கள் தலைக்கு 25,000 ரூபாயும் அமைப்புகள் 2 லட்சம் ரூபாயும் கட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. தெருநாய்களுக்கான வசதிகளுக்கே அந்தப் பணம் போகும் என்றார்கள். நீதிமன்றத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கணக்கெழுதுகிறவளாக என் கண்ணில் இதுதான் படுகிறது: நாய்க்காகப் பேச 25,000 ரூபாய், நாயை அடிக்க 50 ரூபாய்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்று நமக்கு எவ்வளவு பெருமை! மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் படமெடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தச் சுவரோரம் சுருண்டு படுத்திருக்கும் நாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிரான்சு 2015-இல் தன் சிவில் சட்டத்திலேயே விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று எழுதிக்கொண்டது. 2021 நவம்பரில், விலங்கைக் கொடுமைப்படுத்தியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 45,000 யூரோ வரை அபராதமும் என்று தண்டனையை உயர்த்தியது. சுவரின் நிறத்தைக் காப்பாற்ற இத்தனை பாடுபடும் நாம், இதை மட்டும் ஏன் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை? அந்நியரை விடுங்கள். இங்கிருந்து வெகு தூரமில்லாத வடலூரில், 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பை அணையவிடாமல் வைத்திருக்கிறோம். வள்ளலார் பெயரைச் சாலைக்கு வைத்திருக்கிறோம். எல்லா உயிரின் பசியையும் தன் பசியாகக் கண்ட அந்த மனிதரின் பெயரைத் தாங்கும் ஊரில், பசியோடு கிண்ணத்தின் முன்னால் நடுங்கும் ஒரு வாயை உடைத்தவர் தலை நிமிர்ந்து நடக்கிறார்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்த 1960-இல் 50 ரூபாய் என்பது ஒரு தொகை. மாநிலங்களவையில் 1953-இல் ருக்மிணி தேவி அருண்டேல் என்ற தமிழ்நாட்டுப் பெண் தனி ஆளாகக் கொண்டுவந்த மசோதாவிலிருந்து பிறந்த சட்டம் இது. அவர் காலத்துக்கு அவர் செய்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2016-இல் சென்னைக் குன்றத்தூரில் மருத்துவ மாணவர் ஒருவர் நாயை மொட்டை மாடியிலிருந்து வீசியதைப் படம் பிடித்துப் பரப்பியபோது நாடே கொதித்தது. 50 ரூபாய் அபராதத்தை மாற்று என்று குரல் எழுந்தது. 2022 நவம்பரில் சட்டத் திருத்த வரைவை வெளியிட்டு மத்திய அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. கருத்துச் சொன்னோம். அதோடு நின்றது. நாம் வாங்கும் எல்லாவற்றின் விலையும் இத்தனை ஆண்டுகளில் ஏறிவிட்டது. ஒரு உயிரை அடிக்கும் விலை மட்டும் 1960-இல் நின்றுவிட்டது.

நான் கேட்பது தர்மம் இல்லை. நாடாளுமன்றம் அந்த அபராதத்தை இந்த நூற்றாண்டுக்குக் கொண்டுவரட்டும். வைத்தியச் செலவை உரிமையாளர் தர வேண்டும் என்ற 35-ஆம் பிரிவில், அடித்தவர் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம், அதற்கு நிலம், மருத்துவ விடுதி என்று 2001-இன் விதிகள் சொல்கின்றன. அந்தச் சங்கத்தின் கதவு புதுச்சேரியில் ஒரு ஏழை நள்ளிரவில் தட்டினாலும் திறக்கும்படி இருக்கட்டும். தெருநாய்க்குச் சோறிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமும் உள்ளாட்சியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2023-இன் கருத்தடை விதிகள் சொல்லும்போது, அது ஊருக்குப் பொதுவான உயிர் என்றுதானே ஆகிறது? அப்படியென்றால் அதன் உடைந்த எலும்பும் ஊருக்குப் பொதுவானது. ஒரு தனிப் பெண்ணின் அடகுச் சீட்டில் அதை ஏற்றாதீர்கள்.

செவலைக்கு ஆபரேஷன் நடக்கும். கடன் வாங்கியாவது நடத்துவேன். மீன்கார அக்காவின் பத்து ரூபாய்த் தாள்களை வீண் போக விடமாட்டேன். ஆனால் அந்தப் பணம் அவள் தர வேண்டியது அல்ல, ஆட்டோக்காரர் தர வேண்டியது அல்ல, நான் தர வேண்டியதும் அல்ல. அது முழுக்க ஒரே ஒருவரின் கடன். அவர் யார் என்று இந்தத் தெருவுக்குத் தெரியும். என்னிடம் இத்தனை கணக்குக் கேட்டீர்களே, அவரிடம் போய் ஒரே ஒரு கணக்கைக் கேளுங்கள்.